வெள்ளை ரிப்பன் கட்டிய நத்தார் மரம்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு ஃபேன்சிக் கடை இருக்கிறது. டிசம்பர் பிறந்து நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் சாமான் வந்துவிட்டால் அதற்குள் நேராக நடக்க முடியாது. கூரையிலிருந்து தொங்கும் மணிகளும் ஜரிகைத் தோரணங்களும் தலையில் இடிக்கும். இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு, அப்படியொரு டிசம்பர் காலையில், நான் அந்தக் கடையின் நடுவில் இரண்டு கையிலும் இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

வலது கைப் பெட்டியில் சிவப்பு உருண்டைகள். இடது கைப் பெட்டியில் வெள்ளை.

வெளியே தூறல். கடைக்குள் ஈரக் குடைகளின் வாசனை. விற்கிற பெண் என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இது வாங்குகிற கேஸ் இல்லை என்று முடிவு செய்து, வேறு ஆளிடம் போய்விட்டாள்.

பக்கத்தில் செசிலி அக்கா இல்லை. என் கஷ்டமெல்லாம் அதுதான்.

செசிலி அக்கா என் கணவர் சேவியரின் அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. கல்யாணமாகி நான் ஹட்டன் டவுனிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, ஓரகத்திகள் இரண்டு பேரும் எப்போது முடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று லயத்து வீடுகளில் பலர் ஆவலோடு காத்திருந்தார்கள். பாவம், இன்னும் காத்திருக்கிறார்கள்.

அக்காவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. எனக்குத் தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வேலை. படிப்பு எனக்குக் கொஞ்சம் கூட. அறிவு யாருக்குக் கூட என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் ஒரு சின்ன மாதா கோவில் உண்டு. ஐம்பது பேர் நெருக்கி உட்காரலாம். ஒரே ஒரு ஜன்னல். டவுனிலிருந்து ஃபாதர் மாதம் ஒரு தடவை வந்து பூசை வைப்பார். அந்தக் கோவிலின் நத்தார் மரத்தில் என்ன தொங்க வேண்டும், என்ன தொங்கக்கூடாது என்று தீர்மானிக்கிறவர் பல வருடங்களாகச் செசிலி அக்கா ஒருவர்தான். அந்த விஷயத்தில் ஃபாதர்கூட வாயைத் திறக்க மாட்டார்.

அந்த வருடம் அக்கா கண்டியில் இருந்தார். அவருடைய கணவர் ஆரோக்கியம், அதாவது எங்கள் பெரிய மச்சான், அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழைப்பாரா மாட்டாரா என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மனசுக்குள் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கண்டிக்குப் புறப்பட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருசம் மரம் ஒம் பொறுப்பு ரெஜினா. ஒரு கொறையும் இல்லாம செஞ்சிரு. அவுகளுக்காக எல்லாரும் அதுக்கு முன்னாலதான் நின்னு மன்றாடப் போறாங்க."

அதனால்தான் இரண்டு பெட்டியோடும் அப்படி முழித்துக்கொண்டு நின்றேன்.

விரல் நுனியில் ஒரு தராசு

அக்காவோடு சாமான் வாங்கப் போவது ஒரு அனுபவம். கடைக்காரர்களுக்கு அது ஒரு சோதனை.

முதல் தடவை அவரோடு போனபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு உருண்டையை எடுத்தார். அதன் நூலைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டி, கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். கடையே பார்க்கிறது. பிறகு கண்ணைத் திறந்து, "பாரம்" என்று திருப்பி வைத்தார்.

நாங்கள் மரம் என்று வைப்பது சைப்ரஸின் நுனிக் கிளை. பார்க்க அடர்த்தியாக இருக்கும், நுனிகள் மெல்லியவை. பாரமான உருண்டையைத் தொங்கவிட்டால் இரண்டாம் நாளே தலை கவிழ்ந்துவிடும். இருபது வருடம் கொழுந்து கிள்ளிய விரலுக்கு எது பாரம், எது பாரமில்லை என்பது கண்ணை மூடினால்தான் சரியாகத் தெரியுமாம்.

அடுத்தது வெளிச்சச் சோதனை. சாமானைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விடுவார். விற்கிற பெண் பின்னாலேயே ஓடி வருவாள், திருடிக்கொண்டு போகிறார் என்று.

"கடைக்குள்ள அம்பது பல்பு எரியிது. ஒடஞ்ச பீங்கான்கூட மின்னும். நம்ம கோயிலுக்குள்ள மூடுபனிதானே வந்து ஒக்காந்திருக்கும். இந்த மப்புல பாத்து, கண்ணுக்குத் தெரிஞ்சா எடு."

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முகம் தெரிகிற பளபளப்பு உருண்டைகளை அவர் தொடவே மாட்டார். காரணம் கேட்டேன்.

"புள்ளைங்க குடில்ல இருக்கற பாலனப் பாக்காது. அதுல போய் மூஞ்சியக் கோணிக் கோணி நிக்கும். புள்ளைங்கள விடு, நம்ம பாட்டுக் குழுவுல ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களே நிப்பாங்க."

அந்த இருவரில் ஒருத்தி நான் என்பது எனக்குத் தெரியும். அன்று வாங்கியதெல்லாம் மங்கலான சிவப்பில் பன்னிரண்டு உருண்டைகள், ஒரு கட்டு ஊதா ரிப்பன். அவ்வளவுதான். இதைக் கொண்டு என்ன மரம் என்று எனக்குள் ஒரு சலிப்பு.

மற்றதெல்லாம் வீட்டில் இருந்தது. பால்மா பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளியாக இருக்கும் அல்லவா, அதை வருடம் முழுக்கக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து நட்சத்திரமாக வெட்டி வைத்திருந்தார். டர்பன்டைன் மரத்து, அதாவது பைன் மரத்துக் காய்கள் ஒரு சாக்கு. அக்காவோடு கொழுந்து பறிக்கும் முத்துலெச்சுமி அக்கா, மாரியம்மன் திருவிழாவில் மிஞ்சிய ஜரிகைத் தாளை நத்தாருக்கென்று எடுத்து வைத்துக் கொண்டுவந்து தந்தார்.

அங்கங்கே பொறுக்கி ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கப் போகிறது என்று நினைத்தேன். மரம் முடிந்ததும் அசந்துபோனேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இப்போது கண்ணை மூடினாலும் எனக்கு அந்த மரம் தெரிகிறது.

மரத்தக்காளி தொங்கிய வருடம்

இன்னொரு வருடத்தைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை.

பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. ஹட்டனில் அந்தக் கடையில் போன வருடத்துத் தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை. பால்மாவே இல்லை, பிறகு வெள்ளி நட்சத்திரத்துக்கு எங்கே போவது? மரம் வேண்டாம், குடில் மட்டும் வைப்போம் என்று பாட்டுக் குழுவில் பேச்சு வந்தது.

அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மச்சானைக் கூட்டிக்கொண்டு நானுஓயாப் பக்கம் ஒரு உறவுக்காரர் தோட்டத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது மச்சானின் தோளில் ஒரு மூட்டை. அவிழ்த்தால் மரத்தக்காளி. முட்டை அளவு, நல்ல இரத்தச் சிவப்பு, தோல் அப்படியொரு மினுமினுப்பு.

"பாரம் இல்லையா அக்கா?" என்று கேட்டேன். எனக்கும் தொழில் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"பாரந்தான். நுனியில தொங்கவிட்டாத்தானே? கவட்டுல வைப்போம்."

ஒவ்வொரு பழத்தையும் கிளையின் கவட்டில், காம்போடு நூல் சுற்றி உட்கார வைத்தார். எந்தக் கிளைக்கு எந்தப் பழம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார். பெரிய மச்சான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்புள்ள, சட்டினிக்கு ரெண்டு மிச்சம் வைப்பியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மச்சான் அப்படித்தான். எந்த நேரத்திலும் வயிற்றை மறக்க மாட்டார்.

நத்தார் பூசைக்கு வந்த ஃபாதர் பிரசங்கத்தின் நடுவில் இரண்டு தடவை மரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜனவரி ஆறாந்தேதி மூன்று ராசாக்கள் தினத்துக்குள் கொண்டைக் குருவிகள் ஜன்னல் வழியாக வந்து பாதியைத் தின்றுவிட்டன. மீதியைப் பிள்ளைகள் தின்றார்கள். அவ்வளவு பேர் தின்று தீர்த்த நத்தார் மரம் வேறெங்காவது இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அப்படிப்பட்ட கையிலிருந்துதான் மரம் என் கைக்கு வந்திருந்தது.

என் புத்தி போன போக்கு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மாதிரி செய்ய வேண்டும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அக்காவே அசந்துபோகிற மாதிரி செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டு வீடு. மரம் முழுக்க வெள்ளை. வெள்ளை உருண்டை, வெள்ளைப் பூ, வெள்ளை ரிப்பன். வாசலிலிருந்து மரம் வரைக்கும் வெள்ளை ரிப்பனில் முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தார்கள். பார்க்கப் பார்க்க அவ்வளவு சுத்தமாக, அமைதியாக இருந்தது. நத்தார் பூசைக்கு ஃபாதர் உடுத்துவதும் வெள்ளைதானே என்று என் படிப்பு வேறு எடுத்துக்கொடுத்தது.

சிவப்புப் பெட்டியை வைத்துவிட்டேன். சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தேன், வாசலில் வைத்துப் பார்த்தேன். அக்காவின் சோதனைகள் எல்லாவற்றிலும் வெள்ளை பாஸ். இரண்டு பெட்டி உருண்டையும், பட்டு மாதிரி வழுக்குகிற வெள்ளை ரிப்பன் ஒரு முழு உருளையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நானே எனக்குக் கைதட்டிக்கொள்ளாத குறை.

சனிக்கிழமை காலை மரத்தை முடித்தோம். நானும் சேவியரும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். அன்று மத்தியானம் செசிலி அக்கா துணிமணி எடுத்துப்போக வருகிறார் என்று தெரியும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம்.

மரம், நான் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

ரிப்பனில் பாதிக்கு மேல் மிச்சம். வீணாக்குவானேன் என்று, பஸ் பாதையிலிருந்து கோவிலுக்கு ஏறி வரும் ஒற்றையடிப் பாதைக்குப் போனோம். பாதை நெடுகக் கைப்பிடிக்கு இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு முழ ரிப்பனைக் கட்டிக் காற்றில் ஆடவிட்டோம்.

கோவிலுக்குக் கொஞ்சம் கீழே, அதே பாதையில்தான் அக்காவின் லயம். வரிசை வீடுகளில் முதல் காம்பரா அவருடையது. இருந்ததிலேயே நீளமான ரிப்பனை எடுத்து அவர் வீட்டுக் கேட்டில் நானே கட்டினேன். வந்ததும் முதலில் அவர் கண்ணில் படட்டும், சந்தோஷப்படட்டும் என்று.

சேவியர் நாலு அடி தள்ளி நின்று தலையைச் சொறிந்தார். "ரெஜி, இது ஒரு மாதிரியா இருக்கே."

"ஒங்களுக்கு எதுதான் ஒரு மாதிரியா இல்ல?" என்றேன்.

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆன மனுஷன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தார்.

நிறுக்காத கொழுந்து

கோவிலுக்குள் திரும்பி, நான் ஏணியில் ஏறி உச்சி நட்சத்திரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வெளியே ஓடி வருகிற காலடிச் சத்தம். ஒருவர் இருவர் இல்லை.

முத்துலெச்சுமி அக்காதான் முதலில் நுழைந்தார். அக்காவின் கூட்டத்தில் கொழுந்து பறிக்கிற பதினைந்து இருபது பெண்கள் பின்னால். தலையிலிருந்து தொங்குகிற சாக்குகளில் கொழுந்து அப்படியே இருக்கிறது. நிறுவைக்குப் போகாமல், எதிர் மலையிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறார்கள். கொழுந்தை நிறுக்காமல் பெண்கள் மலையை விட்டு இறங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஐயோ ரெஜினா! அண்ணே நம்மள விட்டுட்டுப் போயிட்டாரே!"

முத்துலெச்சுமி அக்கா என்னை ஏணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

எனக்கு உலகம் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கம் போனுக்குச் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். கண்டியிலிருந்து சேதி மலைக்கு வந்து, அவர்கள் எங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏணியிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்து அலறினேன். சேவியர் மரத்தடியில் முழங்காலில் விழுந்து, "அண்ணே, அண்ணே" என்று நெற்றியைத் தரையில் மோதினார். எங்கள் அழுகையைப் பார்த்து அவர்கள் அழுதார்கள். அவர்கள் அழுகையைப் பார்த்து நாங்கள் அழுதோம்.

இது எவ்வளவு நேரம் நடந்தது என்று தெரியாது. வெளியே, பக்கத்து மண் ரோடு வழியாக ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. சாவு வீடுகளுக்கு உதவுகிற எங்கள் மரணாதார சங்கத் தலைவர் மாரிமுத்து அண்ணன் இறங்கினார். பின் சீட்டில் பிளாஸ்டிக் கதிரைகள், கூடாரத் துணி, சாவு வீட்டுக்குச் சீனி, தேயிலை. தோட்டத்தில் யார் இறந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர். அழுவதற்கும் அவர் ஒழுங்கு வைத்திருப்பார்.

"தம்பி சேவியரு, மனசத் தேத்திக்கங்க. எத்தன மணிக்கு முடிஞ்சிச்சு? கண்டியிலருந்து கொண்டாற வேன் சொல்லணும்."

சேவியர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கென்ன தெரியும்ணே? இவங்கதானே வந்து சொன்னாங்க."

"நாங்களா?" என்றார் முத்துலெச்சுமி அக்கா. "நாங்க எங்க சொன்னோம்? நீங்க கொடி கட்டியிருந்ததப் பாத்துட்டுல்ல ஓடியாந்தோம்!"

"எந்தக் கொடி?" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பி, கதவு வழியாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பாதை முழுக்க வெள்ளை. வளைவுக்கு வளைவு வெள்ளை ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில், எல்லாவற்றிலும் நீளமாக, செசிலி அக்காவின் வீட்டு வாசலில்.

எங்கள் நாட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீதியிலிருந்து அந்த வீட்டு வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டுவார்கள். தமிழர், சிங்களவர் என்று வித்தியாசம் இல்லை. பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்தது அது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரியின் வீடியோவுக்காக அதை நான் மறந்துபோயிருந்தேன். ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிற மனிதரின் வீட்டு வாசலில், என் கையால், சாவுக்கொடி கட்டியிருந்தேன்.

"அக்கா வர்ற நேரம்" என்று சேவியர் மெதுவாகச் சொன்னார்.

அவர் ஏறி வந்த பாதை

பிறகு தெரிந்துகொண்டது இது. அக்கா கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வந்து, அங்கே தோட்டத்து பஸ் ஏறியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சார்ஜ் போட வழியில்லாமல் போன் செத்திருந்தது. கடைசி வளைவில் பஸ் திரும்பும்போது மலைச்சரிவில் அந்த வெள்ளை தெரிந்தது. பஸ்ஸில் துள்ளலான பைலாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். வெள்ளையையும் அக்காவின் முகத்தையும் பார்த்த சிங்களக் கண்டக்டர் பாட்டை நிறுத்தி, ஹோல்ட் இல்லாத இடத்திலேயே பஸ்ஸையும் நிறுத்தி, அக்காவின் பையை அவரே இறக்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

நான் பாதையில் இறங்கி ஓடினேன். ஓடிக்கொண்டே எட்டின ரிப்பனையெல்லாம் பிய்த்தேன். சேற்றில் வழுக்கினேன். பாதி வழியில் அக்கா ஏறி வந்துகொண்டிருந்தார். அழவில்லை. தலைமுடி கலையவில்லை. எப்போதும் மலை ஏறுகிற அதே சீரான நடை.

என்னைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என் தோள்களைப் பிடித்துக்கொண்டார். அப்படியொரு பிடி. விழுந்துவிடாமல் இருக்க என்னைப் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

"சொல்லு ரெஜினா. நா ஒண்ணும் ஆக மாட்டேன். சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா! மச்சானுக்கு ஒண்ணுமே இல்ல! இது மரத்துக்கு வாங்குன ரிப்பன். நாந்தான்க்கா கட்டுனேன். அழகா இருக்கும்னு கட்டுனேன்..."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு பாதையோரக் குழாயைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"தண்ணி குடு" என்றார்.

மாரிமுத்து அண்ணனின் போனை எடுத்துக்கொண்டு எல்லோரும் தண்ணீர்த் தாங்கிக்கு ஏறினோம். அக்கா தாளில் எழுதி வைத்திருந்த பக்கத்துக் கட்டில்காரரின் நம்பருக்கு அடித்தோம், அவர் போனை மச்சானிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் மச்சானின் குரல் கேட்டது. "காலையிலதானே போன? அதுக்குள்ள என்ன? டீ ஆறுதுல்ல?"

முத்துலெச்சுமி அக்கா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அக்கா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்காவின் தீர்ப்பு

கோவிலுக்குள் வந்ததும் பெண்கள் மரத்தை மொய்த்தார்கள். "எல்லாத்தையும் அவுத்துருங்க. பாக்கவே ஆகல" என்றார் முத்துலெச்சுமி அக்கா. ஒரு கை நட்சத்திரம் வரை போய்விட்டது.

"இருங்க" என்றார் செசிலி அக்கா.

மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு வெள்ளை உருண்டையை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டிக் கண்ணை மூடினார். திரும்ப அதே கிளையில் மாட்டினார். வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கா. பாரமில்ல. மப்புல தெரியிது. வெளிய கட்டுனதுதான் தப்பு. உள்ள இருக்கறது இருக்கட்டும்."

"எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கே" என்று முத்துலெச்சுமி அக்கா இழுத்தார்.

அக்கா மாரிமுத்து அண்ணனின் பக்கம் திரும்பினார். த்ரீவீலரின் பின் சீட்டில், கூடாரத் துணிக்கு அடியிலிருந்து கலர் பல்புச் சரத்தின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போன வாரம் ஒரு சடங்கு வீட்டுக்குக் கட்டி, இறக்க நேரமில்லாமல் கிடந்த சரம். அண்ணன் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே வண்டியில்தான் சாமான் ஏற்றுவார்.

"அண்ணே, அந்த பல்பு எரியுமா?"

"பாதி எரியும்மா."

"பாதி போதும். குடுங்க."

எரிகிற பல்புகள் மரத்துக்கு முன்னாலும் எரியாதவை பின்னாலும் வருகிற மாதிரி அவரே சுற்றினார். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வெள்ளை உருண்டைகளில் விழுந்தன. உருண்டைகள் ஒவ்வொன்றும் ஒரு நிறமாக மாறின. என் மரம்தான், ஆனால் இப்போதுதான் அது நத்தார் மரமானது. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

பிறகு சாவு வீட்டுக்கென்று வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"வந்தது வந்துட்டீங்க. கதிரையும் வந்திருக்கு. ஒக்காருங்க. கொழுந்த நிறுத்துட்டு வந்து ரெண்டு பாட்டுப் படிச்சிட்டுப் போங்க. அவுகளுக்கு அடுத்த கெழம ஆபரேஷன்."

கொழுந்தை நிறுவைக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். வேட்டி கட்டிய மாரிமுத்து அண்ணன் முதல் வரிசையில். பாட்டு தெரியாதவர்கள் கை தட்டினார்கள்.

பாதையிலிருந்த மீதி ரிப்பனை மறுநாள் காலை அக்காவே ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கையில் சுற்றினார். நான் உதவிக்குப் போனபோது ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரிய மச்சான் தைப்பொங்கலுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தார். சாவு வீட்டுக்கென்று மாரிமுத்து அண்ணன் கொண்டுவந்த சீனியும் தேயிலையும் எங்கே போயிற்று என்று விசாரித்ததுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ஒரு வருடம் கழிந்த பிறகும் எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் இருவரும் போர்வை அலசிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அந்தப் பாதையில ஏறி வந்தீங்களே. அவ்வளவு நேரம் மச்சான் இல்லேன்னே நெனச்சிருப்பீங்க. எப்பிடிக்கா ஏறுனீங்க?"

"ஒன்னத்தான் நெனச்சுக்கிட்டு ஏறுனேன்."

"என்னையா?"

"பின்ன? செத்த வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கவே பயப்படுறவ நீ. ஒத்தையில அந்தச் சேதிய வாங்கி, அழுதுக்கிட்டே அத்தன கொடியும் ஒங் கையால கட்டியிருக்கியேன்னு நெனச்சேன். ஓடியாந்தப்ப பாத்தேன், ஒடம்பெல்லாம் நடுங்கிச்சு ஒனக்கு. மொதல்ல இவளப் புடிச்சுக்குவோம், விழுந்துறப் போறா, நம்ம அப்பறம் அழுதுக்கலாம்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுப் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் முறுக்க, நான் முறுக்க, தண்ணீர் எங்கள் இருவர் காலிலும் கொட்டியது.